ரம்பத்தில் வைத்த பொட்டு

விராலிமலைக்குப் போகும் சாலையில் ஒரு மரக்கிடங்கு இருக்கிறது. தைலமரத்தை வெட்டி லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிறார்கள். போன மாதம் அங்கே பாதுகாப்பு வாரம் என்று கூட்டம் போட்டு என்னையும் அழைத்தார்கள். முப்பத்தைந்து வருஷம் ரம்பத்தோடு மல்லுக்கட்டிவிட்டுப் பத்து விரலோடு வீடு வந்து சேர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சால்வை போர்த்தினார்கள், டீ கொடுத்தார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் நல்ல மனுஷன் என்று பேர் வாங்கியிருப்பேன்.

மேசைமேல் ஒரு சங்கிலி ரம்பத்தை வைத்திருந்தார்கள். பக்கத்தில் தலைக்கவசம், கையுறை, தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டிக்கொள்ளும் தடித்த கால் உறை. அந்த உறைக்குள் நார் நாராக அடுக்கியிருக்கிறதாம். சங்கிலி காலில் பட்டால் நார் இழுபட்டு, சுற்றிக்கொண்டு ரம்பத்தையே நிறுத்திவிடுமாம். நல்ல யோசனைதான். ஆனால் எல்லாம் பிளாஸ்டிக் பை பிரிக்காமல் கிடந்தன. ஏன் தம்பி என்று கேட்டேன். "அழுக்காயிரும்ங்க ஐயா, ஆடிட்டுக்குக் காட்டணும்ல" என்றார் அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரி. முப்பது வயது இருக்கும், மரியாதை தெரிந்த பிள்ளை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ரம்பத்தின் முன்னால், கைப்பிடிக்கு எதிரே, ஒரு பிரேக் பிடி இருக்கிறது. ரம்பம் துள்ளி ஆளின் முகத்துக்கு எழும்பினால் அந்தப் பிடி மடங்கி, அந்த நொடியே சங்கிலியை நிறுத்தவேண்டும். அது மடங்குகிற மூட்டின்மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம். பூஜை முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்தப் பொட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்றரை மாதமாக அந்தப் பிடியை ஒருத்தனும் மடக்கிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. போர்த்திய சால்வையின் நுனியாலேயே அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தேன். "ஐயோ, சாமி பொட்டுங்க ஐயா!" என்று அதிகாரி என் கையைப் பிடித்தார். கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பின்வரிசையில் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. பிசகவில்லை. துடைத்த பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் துடைத்தேன் என்பதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான் கறம்பக்குடிப் பக்கத்து ஆள். பெயர் செல்லையா. ராஜாவின் சமஸ்தானம் முடிந்து சில வருஷம் கழித்துப் புதுக்கோட்டை டவுனை ஒட்டியிருந்த ஒரு மர அறுவை மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயில் எஞ்சின் ஒன்று, அதிலிருந்து பெல்ட், பெல்ட்டின் முனையில் அறுக்கும் பெஞ்சு, பெஞ்சின் நடுவில் இடுப்பளவு எழுந்து நிற்கும் வட்ட ரம்பம். முதல் மூன்று வருஷம் மரத்தூள் அள்ளினேன், கட்டை உருட்டினேன், பல்லுக்கு அரம் போட்டேன், திட்டு வாங்கினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

மேஸ்திரி சவரிமுத்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்தவர். ஒல்லி ஆள், காக்கி அரைக்கால் சட்டை, நூல் கட்டிய கண்ணாடி. சத்தமே போடமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஏப்பா, இங்கிட்டு வா" என்றால் பிழைத்தோம். "கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்றால் தொலைந்தோம். கட்டை ஏற்றுகிறவர்கள்கூட அவருடைய அந்த 'ங்க'வுக்கு நடுங்குவார்கள்.

காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன்னால் தன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டை ரம்பத்தின்மேல் போட்டுவிடுவார். துண்டு கிடக்கிறவரைக்கும் முதலாளியே வந்து சொன்னாலும் எஞ்சின் ஓடாது. அதற்குள் எல்லாவற்றையும் பார்ப்பார். பெல்ட்டைச் சுற்றிய கம்பிவலை ஆடுகிறதா. ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் இரும்புத் தகடு பல்லிலிருந்து அரை அங்குலத்துக்குள் இருக்கிறதா. அந்தத் தகடு விலகி நின்றால் அறுத்த கட்டை மறுபடி கூடி ரம்பத்தைக் கவ்வும், கவ்வினால் ரம்பம் கட்டையைத் தூக்கி அறுக்கிற ஆளின் வயிற்றில் எறியும். கட்டையின் கடைசி முழத்தைக் கையால் தள்ளாமல் தள்ளுவதற்கு வைத்திருக்கும் குச்சி இடத்தில் இருக்கிறதா. ரம்பத்துக்கு மேலே கவிழ்க்கும் இரும்புக் கூண்டின் நான்கு போல்ட்டும் இறுகியிருக்கிறதா.

கடைசியில்தான் ரம்பம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு பல்லின் அடிக்குழியையும் துடைப்பார். ரம்பத்தில் வெடிப்பு விட்டால் அந்தக் குழியில்தான் முதலில் விடும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவுவார். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஒரு கோடு போடும். கோடு விழுந்தால் ரம்பம் கீழே இறங்கிவிடும். இத்தனையும் முடிந்த பிறகுதான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ம், போடு" என்பார்.

முதலாளி திருமயம் பக்கத்து ஊர்க்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூண்டென்றால் அவருக்கு வேப்பங்காய். கூண்டு மாட்டினால் தடித்த கட்டை உள்ளே நுழையாது. முதலில் ஆப்பு வைத்துப் பிளக்கவேண்டும், வேலை இரட்டிப்பு. அதனால் தடித்த கட்டை வந்தால், "அந்தக் கருமாந்திரத்தைக் கழட்டுங்கடா" என்பார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால், "மாட்டுங்கடா" என்பார். மேஸ்திரி சண்டை போட்டுப் பாதி நாள் ஜெயிப்பார், பாதி நாள் தோற்பார்.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் மில்லில் பூஜை அமர்க்களமாக இருக்கும். எஞ்சினுக்கு மாலை, பெஞ்சுக்கு வாழைக்கன்று, ரம்பத்தின் பல்வரிசை ஓரமாகச் சுற்றிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பார்கள். அந்தப் பொட்டை யாரும் துடைக்கக்கூடாது. மரம் அறுக்க அறுக்கத் தானாகப் போகவேண்டும். துடைத்தால் அந்த வருஷம் ரத்தப்பலி கேட்கும் என்று ஒரு பேச்சு.

விஜயதசமிக்கு மறுநாள் காலை. மேஸ்திரி துண்டைப் போட்டார், எல்லாம் பார்த்தார், மண்ணெண்ணெய்த் துணியோடு ரம்பத்துக்கு வந்தார், நின்றுவிட்டார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர்.

"ஏப்பா செல்லையா, இது ஒங்க சாமி பொட்டு. நாந் தொடைச்சா நல்லாருக்காது. நீ தொடைக்கிறியா?" என்றார்.

நான் தலையைச் சொறிந்தேன். "வேணாம் மேஸ்திரி. ரெண்டு நாள்ல தன்னால போயிரும். விடுங்க" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். இதை எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எந்த விதமாகச் சொன்னாலும் சொன்னது நான்தான். மேஸ்திரி துணியை மடித்துப் பையில் வைத்தார். ரம்பத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். துண்டை எடுத்தார்.

அன்று பெஞ்சில் நின்றவர் கருப்பையா அண்ணன். மில்லிலேயே வேலை சுத்தமான ஆள். நூல் பிடித்த மாதிரி அறுப்பார், வாய் ஓயாமல் கேலி பேசுவார். மதியத்துக்கு மேல் ஒரு கிழட்டுப் புளியமரத்துக் கட்டை வந்தது. முதலாளி கூண்டைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். கட்டைக்குள் ஆணி இருந்தது. யாருக்குப் பிடித்த பேயை ஓட்ட யார் அடித்த ஆணியோ! ரம்பம் அதில் மோதியது. ஒரு சத்தம் கேட்டது. ரம்பத்திலிருந்து மூன்று பல் அகலத்துக்கு ஒரு துண்டு தெறித்தது, கட்டை துள்ளியது. கருப்பையா அண்ணன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று விரல் இல்லை. "அட, எங்கடா போச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் கேலி பேசவில்லை, நிஜமாகவே கேட்டார்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது முதலாளி விபத்துப் புத்தகத்தை விரித்துவைத்திருந்தார். "கருப்பையா கவனக்குறைவுன்னு எழுது" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி மரத்தூளுக்குள் தேடி எடுத்த ரம்பத் துண்டை மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் இதைப் பாருங்க மொதலாளி. இந்தப் பாதி பளபளன்னு இருக்கு. இது இன்னைக்கு ஒடைஞ்சது. இந்தப் பாதி கருத்திருக்கு, உள்ள மஞ்சளாத் தெரியுது. அது சந்தனம். பூசும்போதே வெடிப்பு இருந்திருக்கு, அதுக்குள்ள எறங்கியிருக்கு. பாக்க வேண்டியவன் நான், பாக்கல. கருப்பையா பேரை எழுதாதீங்க. எம் பேரை எழுதுங்க."

நான் வாசலில் நின்றேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, 'இங்கிட்டு வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்த வாரக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் அவர் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு, "மேஸ்திரி, நீங்க கேட்டீங்க, நாந்தான..." என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது.

"நாங் கேட்டதே தப்புப்பா. தொடைடான்னு சொல்லியிருக்கணும்" என்றார். பஸ் போய்விட்டது.

கருப்பையா அண்ணனை முதலாளி கேட்டில் உட்காரவைத்தார். "பீடி பிடிக்க ரெண்டு வெரல் போதும்டா" என்பார் என்னிடம். பெஞ்சுக்கு அவர் தம்பி சின்னையா வந்தான். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. மேஸ்திரி இடத்துக்கு நான். வருஷம் முழுக்க மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, அரை அங்குலம் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். துண்டும் போட்டேன். ஆனால் என் துண்டுக்கு அவர் துண்டின் மதிப்பு இல்லை. முதலாளி கூண்டைக் கழற்றச் சொன்னால் ஆட்கள் கழற்றிவிடுவார்கள். அடுத்த ஆயுத பூஜை வந்தது. மறுபடியும் சந்தனம், குங்குமம்.

விஜயதசமிக்கு மறுநாள் காலையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலாளி பட்டை போட்டுக்கொண்டு நின்றார். சின்னையா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தான். நான் ரம்பத்தின்மேல் துண்டைப் போட்டேன். கூண்டு சுவரோரம் கிடந்தது. தூக்கிவந்து நான்கு போல்ட்டையும் தளர்வாக மாட்டினேன். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, கூண்டுக்கு அடியில் கையை விட்டு, முதல் பொட்டைத் துடைத்தேன்.

"டேய்!" முதலாளியின் குரல் எஞ்சின் ஷெட்வரை போனது. "என்னடா பண்றே? சாமிக்கு வச்ச பொட்டை மண்ணெண்ணெய்த் துணியால தொடைக்கிறியே, ஒனக்குக் கொம்பு மொளைச்சிருச்சா?"

"ரம்பத்தைப் பாக்கணும் மொதலாளி."

"ரெண்டு நாள்ல தன்னால போயிரும்டா!"

அந்த வார்த்தை. என் வாயிலிருந்து போன வருஷம் வந்த அதே வார்த்தை. உள்ளுக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. "போன வருசமும் தன்னாலதான் போச்சு, மொதலாளி. மூணு வெரலையும் கூட்டிக்கிட்டுப் போச்சு" என்றேன்.

முதலாளி நேராக வந்தார், என் துண்டை உருவி மரத்தூளில் வீசினார். "எஞ்சினைப் போடுங்கடா. இவன் கணக்கை முடிச்சு அனுப்புறேன்" என்றார்.

ரம்பத்தை அச்சோடு பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு பெரிய நட்டு. அதன் மரை இடதுபக்கம் திரும்பும். அந்த அளவில் வேறு நட்டு திருச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். நான் ஸ்பானரைப் போட்டு நான்கு சுற்றில் கழற்றி, வேட்டி மடிப்பில் வைத்து இடுப்பில் முடிந்துகொண்டேன்.

"இப்ப ஓட்டுங்க, பாப்பம்" என்றேன். "என்னைய அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. இதைப் பாத்து முடிக்காம சின்னையா இந்த பெஞ்சுல கை வைக்கமாட்டான். பொட்டைத் தொடைச்ச பாவம் எனக்கு. நாங் கும்பிடுற சாமிதான், அதுக்கிட்ட நாம் பேசிக்கிறேன்."

வீட்டில் நான்கு வயிறு இருந்தது. முதலாளி என்னை அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அவர் அடிக்கவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு குழியாகத் துடைத்தேன். ஊறவிட்டேன். வெற்றிலை மெல்லும் நேரம்தான், எனக்கு ஒரு யுகமாக இருந்தது. உலர்ந்த துணியால் துடைத்துச் சுண்ணாம்புத் தூளைத் தூவினேன். எல்லாத் தலையும் கூண்டுக்குள் தெரிந்த ரம்பத்தின்மேல் குனிந்தது.

ஒரு கோடும் விழவில்லை. ரம்பம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

முதலாளி சிரித்தார். "பாத்தியாடா? ஒண்ணுமில்ல! ஒண்ணுமே இல்லாததுக்கா சாமி பொட்டைத் தொடைச்சே?"

"ஒண்ணுமில்லன்னு இப்பத்தான மொதலாளி தெரியுது" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, பாத்தாச்சுல்ல. நட்டை மாட்டு. அந்தக் கூண்டைக் கழட்டு, தடிக்கட்டை நிக்கிது."

நட்டை மாட்டினேன். கூண்டின் போல்ட்டை இறுக்கினேன், கழற்றமாட்டேன் என்றேன். "நீ கழட்டாட்டி வேற ஆளு கழட்டுவான்" என்று அவர் திரும்பியபோது, கேட்டிலிருந்து கருப்பையா அண்ணன் வந்தார். வரும் வழியில் சாமி படத்தின் முன்னால் மிச்சமிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த இரண்டு விரலால் சந்தனத்தை அள்ளிக் கூண்டின் முதல் போல்ட்டில் அப்பினார். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"பொட்டு வச்சாச்சு மொதலாளி" என்றார். "இனிமே கழட்டுனா பொட்டு கலைஞ்சிரும். ஆகாதுல்ல?"

முதலாளி அந்த இரண்டு விரலைப் பார்த்தார். பிறகு குனிந்து, மரத்தூளில் கிடந்த என் துண்டை எடுத்து உதறி என் தோளில் போட்டுவிட்டு, "தடிக்கட்டையை ஆப்பு வச்சுப் பொளங்கடா" என்று சொல்லிக்கொண்டே ஆபீசுக்குப் போனார்.

நான் அங்கே இருந்தவரை அந்தக் கூண்டு கழலவில்லை. பல்லுக்கு அரம் போட நான் மட்டும் பொட்டைத் துடைத்துக் கழற்றுவேன். மாட்டிய உடனே கருப்பையா அண்ணன் வந்து மறுபடி வைத்துவிடுவார். வருஷத்தில் ஒருநாள் இருந்த பூஜை எங்கள் கூண்டுக்கு வாரம் ஒருநாள் ஆயிற்று. சின்னையா பத்து விரலோடுதான் ஓய்வு பெற்றான்.

இனி அந்தக் கிடங்குக்கு வருகிறேன். பொட்டைத் துடைத்துவிட்டு, அந்தப் பிரேக் பிடியை முன்னால் தள்ளினேன். அது மடங்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. "இது எப்பக் கடைசியா ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலையிலங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு தொழிலாளி. அதைப் பிடித்து அறுக்கிற ஆள் அவர்தான். மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். மெல்லக் கையை எடுத்து, அந்தக் கால் உறையின் பிளாஸ்டிக் பையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பாதுகாப்பு அதிகாரி தடுக்கவில்லை.